பூநகரி மணலும் பழைய நாற்சக்கர வண்டியும்

வடக்கே யாழ்ப்பாணக் கடனீரேரியும் மேற்கே பாக்கு நீரிணையும் எல்லையாக அமைய, கௌதாரிமுனையையும் மண்ணித்தலையையும் நோக்கி ஒடுங்கிச் செல்லும் மணற்றரையையும், உட்பக்கத்தே மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன வயல்களின் களித்தரையையும், இவ்விரண்டுக்கும் இடையே மாரியில் நீர் தேங்கிக் கோடையில் உப்புப் பூக்கும் வெளிகளையும் ஒருங்கே உடைய பிரதேசம் பூநகரி. மணல், சேறு, உப்பு என்னும் மூன்றும் மோட்டார் வாகனத்துக்கு மூன்று தனித்தனிச் சோதனைகள். பிற ஊர்களில் ஒன்றோ இரண்டோ வாய்க்கும். இங்கே மூன்றும் ஒரு காலைப் பிரயாணத்துக்குள்ளேயே எதிர்ப்பட்டுவிடுகின்றன. ஆகையினால், பழைய நாற்சக்கர இயக்க வண்டியைத் திருத்தியும் மாற்றியமைத்தும் பாதையற்ற தரையில் ஓட்டும் வித்தையைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான நிலம் எனக்குத் தெரியவில்லை.

சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டபின், கேரதீவுக் கரைக்கு மிதவையை எதிர்பார்த்து நின்ற காலம் போய், மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் வரை வாகனங்கள் தடையின்றி ஓடுகின்றன. ஆயினும் தார் வீதியை விட்டுச் சற்று இறங்கினால், கடற்கரை வாடிக்கு ஐஸ் பெட்டிகளைக் கொண்டுசெல்வோரும், அறுவடையான நெல்மூடைகளைக் களத்திலிருந்து ஏற்றி வருவோரும், பழைய மணலையும் பழைய சேற்றையுமே இன்றும் எதிர்கொள்கின்றனர். தென்னிலங்கையிலும் வெளிநாடுகளிலும் சிலருக்கு இத்தகைய ஓட்டம் விடுமுறைநாள் விளையாட்டு. இவ்வூராருக்கோ அது ஜீவனோபாயம். இந்த வித்தியாசத்தை மனத்திற் கொண்டு நோக்கினால்தான், எந்த மாற்றம் அவசியம், எது வெறும் அலங்காரம் என்பது விளங்கும்.

பூநகரியை உள்ளடக்கிய வன்னியின் தரையில் இன்றும் மதிப்போடு வைத்துப் பேணப்படுபவை பெரும்பாலும் பழைய வண்டிகளே. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற அமெரிக்க ஜீப்பைக் கண்டு உந்தப்பட்டு, உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காரணத்தால் அலுமினியக் கலவைத் தகட்டில் உடல் சமைத்து, 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளிப்படுத்தப்பட்ட லாண்ட் ரோவர் இவ்வகை வண்டிகளுக்கு ஒரு முன்னோடி. 1968இல் சாதாரணச் சுமைவண்டியாகப் பிறந்து, 1979இல் நாற்சக்கர இயக்கமும் பெற்ற டொயோட்டா ஹைலக்ஸ் மற்றொன்று. 1988இல் தொடங்கிய அதன் தலைமுறையிலே, 2.8 லீற்றர் டீசல் எஞ்சினோடும், முன்புறத்திலும் தகட்டு வில்லின்மேல் அமர்ந்த முழு அச்சோடும் வந்த வகையை விரும்பாத மெக்கானிக் அரிது. அதன் எஞ்சினுக்குக் கணினி இல்லை. டீசலைப் பீச்சும் பம்பு முழுவதும் பற்சக்கரங்களாலும் விற்களாலும் இயங்குவது. கோளாறு எதுவாயினும் கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, கையால் தொட்டு அறியக்கூடியது. கிளிநொச்சிக்குச் சென்று கணினிப் பரிசோதனை செய்ய வேண்டிய வண்டிக்கும், மரநிழலில் கழற்றிப் பூட்டக்கூடிய வண்டிக்கும் உள்ள பேதம், கடற்கரையில் நின்றுபோன ஒருவனுக்குப் பிரத்தியட்சமாகத் தெரியும்.

இப்பகுதியின் மெக்கானிக்குகளுடைய சாமர்த்தியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் அருமையாகிப் போக, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 வீதி திறக்கப்படும் வரையில், மக்கள் பழைய மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் மோட்டார் சைக்கிளையும் சிறிதளவு பெற்றோலாற் கிளப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். ஆனையிறவு வழி அடைபட்டிருந்த அக்காலத்தின் தொடக்கத்தில், கொம்படி – ஊரியான் வழியே உவர்நீரும் சேறுமாகக் கிடந்த வெளியை உழவு இயந்திரங்களிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் கடந்தவர்கள் எண்ணிறந்தோர். தேய்ந்த பாகத்தை எறியாமல் கடைந்தும் ஒட்டியும் மீண்டும் பூட்டுவது அன்று கைத்தொழிற் பெருமையாக இருக்கவில்லை. வேறு வழியே இல்லாதிருந்தது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்த இடைக்காலத்தில், நாடு முழுவதுமே பழைய வண்டியைப் பேணக் கற்க நேர்ந்தது. வன்னியாருக்கு அந்தப் பாடம் புதிதன்று.

இனி, யந்திரத்தின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். எஞ்சினின் விசை கியர்ப்பெட்டியைக் கடந்து, இரண்டாவதொரு பெட்டியை அடைந்து, அங்கிருந்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிரப்படுகிறது. அந்த இரண்டாம் பெட்டியில் ‘லோ’ என்னும் தாழ்கியரும் உண்டு. பழைய ஹைலக்ஸில் அது 2.28 மடங்கு வேகத்தைக் குறைத்து, அதே மடங்கு இழுவிசையைப் பெருக்குகிறது. முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ள பூட்டைத் திருகிப் பூட்டிய பின்னரே முன்னச்சின் விசை சக்கரத்துக்குச் சேரும். இப்பழைய அமைப்பில் இரு அச்சுகளும் நெகிழ்வின்றிப் பிணைக்கப்படுவதால், வளைவுகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்கும்போது, வெவ்வேறு நடையுடைய இரண்டு எருதுகளை ஒரே நுகத்தில் இறுகக் கட்டினாற்போல ஒன்றையொன்று முறுக்குகின்றன. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அம்முறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும்; தார் வீதியிலோ அது பற்சக்கரங்களையே தின்னும். மேடேறித் தார் வீதியைத் தொட்டவுடன் அவ்விரண்டாம் பெட்டியின் நெம்பைத் திருப்பாத சாரதியின் அசட்டையால் கெட்ட பெட்டிகள் அநேகம்.

நாற்சக்கரமும் சுழலும் வண்டி எங்கும் சிக்காது என்பது பாமர நம்பிக்கை. ஒவ்வோர் அச்சின் நடுவிலுமுள்ள டிபரன்சியல் இரு சக்கரங்களுக்கும் சமமான திருகுவிசையையே கொடுக்கக்கூடியது. ஒரு சக்கரம் பிடியிழந்து சேற்றில் வீணே சுழலுமானால், அச்சுழற்சிக்கு வேண்டிய அற்ப விசையே மறுசக்கரத்துக்கும் கிடைக்கும். எனவே குறுக்குமூலைச் சக்கரங்கள் இரண்டு பிடியிழந்தால் வண்டி அசையாது நிற்கும். இதற்கு டிபரன்சியலைப் பூட்டும் சாதனம் உண்டு. அது விலை மிகுந்தது. அதற்குமுன் செய்யத்தக்கதும், செலவே இல்லாததுமான பரிகாரம் ரயரின் காற்றைக் குறைப்பது.

வீதியில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் வரை இருக்கும் காற்றை மணலில் 18 இறாத்தலுக்கு இறக்கினால், ரயர் நீளவாக்கில் தரையில் படிந்து, பாரம் அதிகப் பரப்பிற் பரவி, சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது. கௌதாரிமுனைப் பக்கத்து மணலில் புதைந்த வண்டியை மேலும் மேலும் முடுக்கிக் குழிபறிப்பவனைவிட, இறங்கிக் காற்றை விட்டு, சக்கரத்தின் பின்னே மணலைக் கையால் வழித்து, பனையோலையைப் பரப்பி, மெல்லப் பின்னோக்கி எடுப்பவன் விரைவில் வீடு சேருவான். வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றடைக்க வேண்டியது கட்டாயம்; தளர்ந்த ரயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆதலால் ஒரு சிறு காற்றுப் பம்பும் அளவுமானியும், என் அபிப்பிராயத்தில், எந்த ஆடம்பரச் சேர்க்கைக்கும் முந்தியவை.

ஆடம்பரச் சேர்க்கை என்றேன். வாலிபர்கள் முதலில் ஆசைப்படுவது வண்டியை உயர்த்தவும் பெரிய ரயர் பூட்டவுமே. 29 அங்குல விட்டமுள்ள ரயரை நீக்கி 31 அங்குல ரயரை இட்டால் அச்சு தரையிலிருந்து ஓர் அங்குலமே உயரும். ஆனால் கியரின் பலம் ஏறத்தாழ 6.5 சதவீதம் குறையும். வேகமானியும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். வில்லை உயர்த்துவது அச்சைச் சிறிதும் உயர்த்தாது, உடலை மட்டுமே உயர்த்தும். அதனால் பாரமையம் மேலேறிப் பக்கச்சரிவில் கவிழும் அபாயம் கூடும். இயக்கத்தண்டின் கோணம் மிகுந்து அதன் மூட்டுகள் விரைவில் தேயும். பிறேக் குழாய்கள் இழுபட்டு அறுபடவும் கூடும். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட உயர்த்தலை இவ்வூர் வேலைக்கு நான் வேண்டாமென்றே சொல்வேன். சோர்ந்துபோன பழைய வில்லுத்தகடுகளைக் கழற்றி, முறிந்ததை நீக்கி, வளைவைச் சரிசெய்து, புஷ்களைப் புதிதாக்கினாலே வண்டி தன் பிறவி உயரத்தைத் திரும்பப் பெறும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகீழ்ப் பருவமழையில் வேறொரு பாடம் தொடங்குகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடான டிபரன்சியல் திடீரென்று குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, ஒயில் சீல்களின் வழியே நீரை உள்ளிழுக்கும். பெட்டியின் மேலுள்ள சிறு சுவாசத் துளைக்கு ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோய்க் கட்டினால், உள்ளே காற்றுத்தான் செல்லும், நீர் செல்லாது. சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும் இந்த வேலையே மாற்றங்கள் யாவற்றினும் சிறந்ததென்று கருதுகிறேன். நீரைக் கடந்தபின் ஒயில் பாலைப்போல் வெளுத்திருந்தால் தாமதியாமல் வடித்து மாற்ற வேண்டும். எஞ்சின் காற்றை இழுக்கும் வாயையும் உயர்த்தி வைப்பது நன்று. காற்றைப்போல் நீர் அமுங்காது. ஒரு சிலிண்டருக்குள் அது புகுந்துவிட்டால், ஏறிவரும் பிஸ்ரன் தடைப்பட்டு, இணைப்புத் தண்டு வளைந்து, எஞ்சினே பாழாகும். அவ்வாய் உயர்ந்திருப்பது சோளகக் காற்று புழுதி வாரியிறைக்கும் மாதங்களிலும் பிரயோஜனமே.

எல்லாவற்றினும் கொடிய பகை உப்பு. மணலும் சேறும் வண்டியை நிறுத்தும். உப்போ ஓடிக்கொண்டிருக்கும்போதே அரித்துத் தின்னும். லாண்ட் ரோவரின் அலுமினிய உடல் துருப்பிடியாதென்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. உடலைத் தாங்கும் சட்டகம் உருக்கு. அலுமினியமும் உருக்கும் உப்புநீரில் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அலுமினியமே முதலில் பொரிந்து மாவாகும். பெட்டிபோன்ற சட்டகம் உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளியே வர்ணம் பளபளக்கும்போதே உள்ளே சல்லடையாகியிருக்கும். சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பதே பரிசோதனை. அரித்த இடத்தை வெட்டி ஒட்டும்போது, குறுக்கே நேராக வெல்டிங் பிடித்தால் அதே கோட்டில் முறியும்; ஆகவே வைர வடிவில் வெட்டிய தகட்டை மேலே பொருத்தி, பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஒட்டுவது தேர்ந்தவர்களின் முறை. கடற்கரையிலிருந்து திரும்பியதும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவ வேண்டும். பூநகரியில் உவர்க்கிணறுகள் மலிந்திருப்பதால், இங்கே கழுவும் நீரையும் நாவால் சோதித்தறிய வேண்டிய அவசியம் உண்டு.

எஞ்சினையே மாற்றுவதும் அபூர்வமன்று. டார்ஜீலிங் மலைப்புறத்தில் மனேபஞ்சனிலிருந்து 3,636 மீற்றர் உயரச் சந்தக்பூ வரை பல தசாப்தங்களாக ஏறியிறங்கிய 1950களின் லாண்ட் ரோவர்களுட் பல, மகிந்திரா டீசல் எஞ்சின் பூட்டப்பெற்று ஆயுள் நீண்டவை. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் வாங்குவோர், அம்மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்யாது விட்டால், பின்னர் விற்கும்போது இடர்ப்படுவர்.

எங்கே ஓட்டலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வன்னியில் மண்டையோடு வரைந்த செந்நிறப் பலகை நிற்கும் தரையிலும், முன்னர் சக்கரத்தடம் இல்லாத அறியாத காட்டுவெளியிலும் இறங்குவது வீரமன்று. 2002 முதல் ஹலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்கள், உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளற, மிதிவெடிகளை அகற்றிவந்த நிலம் இது. அதுபோலவே கரையோர மணற்குன்றுகளிலும் ஓட்டலாகாது; அவற்றை அடம்பன் கொடியும் இராவணன் மீசையுமே பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு சக்கரம் அவற்றைக் கிழித்த இடத்திலிருந்து காற்று மணலை வாரத் தொடங்கும். அக்குன்றுகள் பின்னாலுள்ள கிணற்றையும் வயலையும் கடலிலிருந்து காப்பவை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் இன்று மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் முறையாகப் போதிக்கப்படுகிறது. அங்கே பயிலும் பிள்ளைகள் கணினி கொண்டு கோளாறு காணும் வித்தையோடு, தடைக்காலத்தில் தொழில் பழகிய முதிய மெக்கானிக்குகளிடமும் ஒரு பருவம் வேலைசெய்ய வழிசெய்யப்பட வேண்டும். பம்பின் ஓசையிலிருந்து அதன் தேய்வை உரைக்கும் அந்தக் காதும், தகட்டைத் தட்டித் துருவின் ஆழத்தைச் சொல்லும் அந்தக் கையும் எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. அவர்களுட் பலர் இப்போதே முதுமையை எட்டிவிட்டனர்.