விமானி ஆக எந்தப் பட்டம்?

இந்தியாவில் பயணிகள் விமானம் ஓட்டப் பட்டம் கட்டாயம் இல்லை. வணிக விமானி உரிமத்துக்கு இதுவரை கேட்கப்பட்டு வந்தவை: பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், 18 வயது, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறப்பு அனுபவம். விமானப்படை அப்படியல்ல. பிளஸ் டூ முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேராதவர், ஏஎஃப்கேட் தேர்வு வழியாக வர 60 விழுக்காடு மதிப்பெண்ணுடன் ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும்.

உரிமத்துக்குத் தேவையில்லை என்றாலும் பட்டம் பெரிய பாதுகாப்பு. 2019இல் ஜெட் ஏர்வேஸும் 2023இல் கோ ஃபர்ஸ்டும் சேவையை நிறுத்தியபோது அனுபவம் மிக்க விமானிகளே வேலை இழந்தார்கள். மருத்துவச் சான்று பறிபோனாலும் பறக்க முடியாது. ஆகவே, வேறொரு வேலைக்கும் கைகொடுக்கும் பட்டமே நல்லது.

விமானப் பொறியியல் படித்தால் விமானி ஆகலாம் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அது விமானத்தை வடிவமைக்கவும் உருவாக்கவும் கற்றுத்தரும் படிப்பு, ஓட்டக் கற்றுத்தராது. பி.எஸ்சி. ஏவியேஷன் பட்டமும் தன்னளவில் உரிமம் ஆகாது. கட்டணத்தில் பறக்கும் பயிற்சி அடங்குமா என்பதைக் கல்லூரியில் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். கணிதத்தோடு சேர்ந்த பி.எஸ்சி. இயற்பியலை இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை; ஆனால் அது சிறந்த தேர்வு. வானிலையியல், வழிகாண் கலை ஆகிய தேர்வுப் பாடங்களுக்கு அது அடித்தளம். விமான நிலைய ஆணையத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கும் அதைக் கொண்டு விண்ணப்பிக்கலாம்.

எந்தப் படிப்பானாலும், பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.