நீரிழிவும் நெஞ்சின் அயர்வும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளியையே முதலில் நிறுத்துகிறது. மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் மூன்றும் பின்னரே வருகின்றன. இதற்கு உரை கண்ட பரிமேலழகர், நோயாளிக்கு வேண்டிய பண்புகளுள் தன் நோய்நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலையும், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தலையும் சேர்த்துள்ளார். இவ்விரண்டும் வாழ்நாள் நோயாகிய நீரிழிவுக்கு மிகப் பொருந்துவன.

காய்ச்சல் வந்தால் சில நாள் படுத்து எழலாம். மலேசியத் தமிழர் ‘இனிப்பு நீர்’ என்று வழங்கும் நீரிழிவு அத்தகையதன்று. மாத்திரை, ஊசி, விரல்நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை, ஒவ்வொரு கவளத்திலும் ஒரு கணக்கு ஆகிய இவற்றுக்கு விடுமுறையே இல்லை. 1922ஆம் ஆண்டு சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் அவ்வகை நீரிழிவு கண்ட சிறுவர் விரைவில் மாண்டனர். இன்சுலின் உயிரைக் காத்தது. காத்த உயிரோடு நாள்தோறும் ஓயாத பணி ஒன்றையும் தந்தது.

அப்பணியால் வரும் அயர்வை மருத்துவ உலகம் அளந்து பார்க்க நெடுநாள் ஆயிற்று. 1995இல் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் போலன்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். நோயைப் பேணத் தவறியதால் எழும் குற்றவுணர்வு, பிற்காலச் சிக்கல் பற்றிய அச்சம், இடையறாத முயற்சியால் வரும் சலிப்பு முதலியன அதில் கேட்கப்படுகின்றன. இவ்வயர்வு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. எதிலும் நாட்டமின்மையும் உறக்கக்கேடும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றினாலோ, ஒருநாளும் காத்திருத்தல் கூடாது.

மன அழுத்தம் குருதியிலும் தன் அடையாளத்தை இடுகிறது. அச்சமோ சினமோ மிகும்போது, சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்பவற்றைச் சுரக்கின்றன. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடுகிறது. இன்சுலினின் செயலும் மட்டுப்படுகிறது. ஓடித் தப்பவேண்டிய விலங்குக்கு இது பேருதவி. நாற்காலியில் அமர்ந்து கடன் கணக்கைப் பார்த்துக் கலங்குபவருக்கோ அச்சர்க்கரை செலவாவதில்லை. ஆகவே, உணவில் பிழை செய்யாதவருக்கும் அளவு ஏறலாம். இதனை அறியாத வீட்டார் ‘மறைத்துத் தின்றிருப்பார்’ என்று கடிவர். கடிந்ததால் அழுத்தம் கூடும். அடுத்த முறை நோயாளி சோதனையையே விட்டுவிடுவார், அல்லது அளவைக் குறைத்து எழுதி வைப்பார்.

சிங்கப்பூர் அரசு 2016இல் நீரிழிவின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. போர் என்னும் சொல் அரசுக்குப் பொருந்தலாம். அது வீட்டுக்குள் புகுந்தால் நோயாளியே பகைவராகிவிடுகிறார்.

உடனிருப்போனுக்குப் பரிமேலழகர் வகுத்த பண்புகளுள் முதலாவது, நோயாளியிடம் அன்பு. விருந்தில் பலர்முன் இலையைக் காட்டித் தடுப்பதைவிட, வீட்டார் அனைவரும் ஒரே சமையலை உண்பது நன்று. கோப்பிக் கடையில் அவருக்கு மட்டும் எனச் சொல்லாமல் எல்லாருமே சர்க்கரையில்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்கலாம்; மாலையில் அவரோடு சற்று நடக்கலாம். ‘இன்று அளவு எவ்வளவு?’ என்பதற்குமுன் ‘இன்று எது கடினமாக இருந்தது?’ என்று கேட்கலாம். நோயாளியும் மருத்துவரிடம் எண்களோடு நில்லாது, ஊசி போட மனம் வராத நாள்களையும் சொல்லவேண்டும். அதைக் கேட்டறிந்த மருத்துவரே மருந்து வேளையை மாற்றவும், பத்து மாற்றங்களை ஒருங்கே சுமத்தாமல் ஒன்றை மட்டும் தொடங்கவும் வழி காண்பார்.