கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஆர்' என்று இருக்கிறதா? மருந்துக்குப் பழகியது உங்கள் உடம்பு இல்லை!

"இந்த மாத்திரை எனக்குக் கேட்கவே மாட்டேங்குது, உடம்பு பழகிடுச்சு" என்று பலர் சொல்வதுண்டு. ஆன்டிபயாடிக்கைப் பொறுத்தவரை பழகுவது உடம்பு இல்லை, பாக்டீரியாதான். அதனால் ஆன்டிபயாடிக் பக்கமே போகாதவருக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம்.

லேபில் என்ன நடக்கிறது?

நோயாளியின் சிறுநீர், ரத்தம், சளி போன்ற மாதிரியில் உள்ள பாக்டீரியாவை முதலில் வளர்க்கிறார்கள். பிறகு அதை ஒரு தட்டில் பரப்பி, ஆன்டிபயாடிக் ஊறிய சின்னச் சின்ன வில்லைகளை மேலே வைக்கிறார்கள். மருந்து வேலை செய்தால், வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் தெரியும். அதை அளந்துதான் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். பொதுவாக 2 முதல் 3 நாள் ஆகும்.

எஸ், ஐ, ஆர்: என்ன அர்த்தம்?

'எஸ்' என்றால் மருந்து கேட்கும். 'ஐ' என்றால் வழக்கமான டோஸ் போதாமல் போகலாம். 'ஆர்' என்றால் அந்த மருந்து இந்தக் கிருமியிடம் எடுபடாது. எதைக் கொடுப்பது என்பது டாக்டரின் முடிவு.

பாக்டீரியா எப்படித் தப்பிக்கிறது?

சில பாக்டீரியாக்கள் மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. இந்தத் திறனுக்கான மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும் என்பதுதான் பெரிய தலைவலி.

சென்னையிலும் சிக்கியது

டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் 'என்டிஎம்-1' என்ற நொதி கண்டறியப்பட்டது. கடைசிக்கட்ட ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே இது உடைத்துவிடும். 2010-ல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த ஆய்வு, சென்னையில் கிடைத்த 44 பாக்டீரியா மாதிரிகளில் இது இருப்பதாகச் சொன்னது.

2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேரின் இறப்புக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணம் என்று 'லான்செட்' ஆய்வு மதிப்பிட்டது.

நாம் என்ன செய்யணும்?

* டாக்டர் கல்ச்சர் டெஸ்ட் எழுதினால், முடிந்தவரை முதல் டோஸுக்கு முன்பே மாதிரி கொடுங்கள். ஆபத்தான நிலை என்றால் டாக்டர் உடனே மருந்தைத் தொடங்கிவிடுவார். ரிப்போர்ட் வந்ததும் மாற்றுவார்.
* சாதாரண சளி, ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.
* அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.
* போன முறை மிச்சமான மாத்திரையை நீங்களும் போட வேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம்.