அரிப்பெல்லாம் பேன் ஆகுமா?

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. சிறு விஷயத்தை ஊதிப் பெரிதாக்குவோரைக் குறித்துச் சொல்வது அது. உண்மையாகவே ஈரும் பேனும் புகுந்த வீட்டில் இந்தப் பழமொழி எவ்வளவு பொருத்தம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். பேன் போய்விடும்; பேனைப் பற்றிய அச்சம் போகாது. மகள் ஒரு முறை தலையைச் சொறிந்துவிட்டால் போதும், "மறுபடியும் ஏறிவிட்டதா?" என்று அம்மா மருந்துப் புட்டியைக் கையில் எடுத்துவிடுவார். அந்த மகளோ வகுப்பில் பக்கத்துத் தோழி பார்த்துவிடுவாளோ என்று அஞ்சி, அரிக்கிற தலையைச் சொறியவும் மாட்டாமல், நடத்துகிற பாடத்தைக் கேட்கவும் மாட்டாமல் உட்கார்ந்திருப்பாள்.

மாணவியருக்கும் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அரிப்பு வேறு, பேன் வேறு. தலை அரிக்கிறது என்பதனால் பேன் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அரிக்கவில்லை என்பதனால் பேன் இல்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. இதனை அறியாமையால்தான் பல வீடுகளில் மருந்துக்கு மேல் மருந்தும், கண்ணீரும், வீண்பழியும்.

இதை வாசிக்கும்போதே உங்களில் சிலருடைய கை தலைக்குப் போயிருக்கும். வெட்கப்பட வேண்டாம், அது மனித இயல்பு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு சொற்பொழிவின்போது பேன், உண்ணி முதலியவற்றின் படங்களைக் காட்டிவிட்டு, அவையோர் எத்தனை முறை சொறிந்துகொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தனர். பிறகு தாய், குழந்தை போன்ற அமைதியான படங்களைக் காட்டி மறுபடியும் கணக்கெடுத்தனர். பேன் படங்களின்போது சொறிதல் கூடுதலாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் இந்த ஆய்வு வெளியாயிற்று. படத்துப் பேனுக்கே கை தலைக்குப் போகுமானால், "அந்தப் பிள்ளைக்குப் பேனாம்" என்ற பேச்சு கிளம்பிய வகுப்பில் அத்தனை பேருக்கும் தலை அரிப்பதில் வியப்பென்ன?

இனி, பேனால் அரிப்பு ஏன் வருகிறது என்று பார்ப்போம். பேன் ஓர் எள்ளின் அளவே உள்ள பூச்சி. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளம். ஆறு கால்கள் உண்டு, இறக்கை கிடையாது. நாளுக்குப் பல முறை தலைத்தோலில் குத்தி இரத்தம் குடிக்கிறது. அவ்வாறு குடிக்கும்போது, இரத்தம் உறையாமல் இருப்பதற்காகத் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. நம் உடல் அந்த உமிழ்நீரைப் பிடிக்காத பொருளாகக் கண்டு எதிர்க்கிறதே, அந்த எதிர்ப்புத்தான் அரிப்பு. முதன்முறையாகப் பேன் ஏறியவருக்கு இந்த எதிர்ப்பு உண்டாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே, இன்று அரிப்பதாகச் சொல்லும் சிறுமியின் தலையில் ஒரு மாதமாகவே பேன் குடியிருந்திருக்கலாம். சிலருக்கு அரிப்பே வராமலும் போவதுண்டு. மறுமுறை ஏறினாலோ, உடல் பழைய பகையை நினைவில் வைத்திருந்து ஓரிரு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

தொடங்குவதற்கு நாள் பிடிப்பது போலவே, அடங்குவதற்கும் நாள் பிடிக்கும். கடைசிப் பேன் செத்த பிறகும் ஒரு வாரம், இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் தலை அரித்துக்கொண்டிருக்கும். கொசு கடித்துப் பறந்த பின்னும் தடிப்பு இருப்பதில்லையா, அதுபோல. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி மறுநாளே மீண்டும் மருந்தைப் போடுகிறார்கள். மருந்தின் காரத்தால் தோல் வறண்டு மேலும் அரிக்கிறது. அதைப் பேன் என்று நினைத்து மூன்றாம் முறையும் போடுகிறார்கள். பேனே இல்லாத தலையில் இப்படி மாதக்கணக்கில் போர் நடப்பதுண்டு.

அரிப்பை நம்பக்கூடாதென்றால் வேறு எதை நம்புவது? சீப்பை நம்ப வேண்டும். நெருங்கிய பற்கள் உள்ள பேன்சீப்பு நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. உலகத்தில் அதற்கு வெகு பழைய சான்று ஒன்று உண்டு. திருவிவிலியத்தில் பெயர் வருகிற இலாக்கிசு நகரம் இருந்த இடத்தைத் தோண்டியபோது யானைத் தந்தத்தாலான ஒரு சிறு சீப்பு கிடைத்தது. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்தையது. ஒரு பக்கம் பருத்த பற்கள், மறுபக்கம் பேன் வாருவதற்கான நெருங்கிய பற்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற கருத்தில் கானானிய எழுத்துகள் அதில் பொறித்திருப்பதை 2022ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். அந்தக் காலத்துச் செல்வர் வீட்டுத் தாடியிலும் பேன் இருந்திருக்கிறது!

வெயிலில் உட்கார வைத்து விரலால் முடியைப் பிரித்துப் பேன் பார்ப்பது நம் வழக்கம். அன்புக்கு அது நல்லது. அண்டை வீட்டுக் கதைகளைக் கேட்பதற்கும் நல்லது. ஆனால் பேனைக் கண்டுபிடிப்பதில் சீப்புக்கு ஈடாகாது. வெளிச்சம் பட்டவுடன் பேன் ஓடி ஒளிந்துகொள்ளும். இஸ்ரயேலில் நடந்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கண்ணால் பார்ப்பதைக் காட்டிலும் பேன்சீப்பால் வாருவது நான்கு மடங்கு பயன் தந்தது.

வாரும் முறை இது. தலையை நனைத்து, வழுக்குவதற்காகத் தேங்காயெண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகத் தடவி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். தோளில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, பேன்சீப்பின் பல் தலைத்தோலில் படும்படி அடியிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதின் பின்புறத்தையும் பிடரியையும் விட்டுவிடாதீர்கள். பேனுக்கு விருப்பமான இடங்கள் அவை. நீண்ட கூந்தலுக்கு அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகும். பொறுமை வேண்டும், அம்மாவுக்கும் மகளுக்கும்.

ஈரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அச்சத்துக்குப் பெரிய காரணம் அதுதான். பெண்பேன் தலைத்தோலை ஒட்டினாற்போல, சில மில்லிமீட்டர் தூரத்திலேயே, முடியில் ஈரை ஒட்டவைக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் அது பொரிந்துவிடும். வெறுங்கூடு மட்டும் முடியோடு ஒட்டிக்கொண்டு, முடி வளர வளர வெளியே வரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகையால் தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் தெரிகிற வெள்ளை ஈர், பெரும்பாலும் பொரிந்து முடிந்த பழங்கூடு. பின்னலின் நடுவே அதைப் பார்த்து அலறுவது, கிளிஞ்சலைப் பார்த்துச் சிப்பி கடிக்குமோ என்று ஓடுவதற்கு ஒப்பாகும். பொடுகோ விரலால் தட்டினால் உதிரும், ஊதினால் பறக்கும். ஈர் அப்படி வராது. நகத்தால் உருவித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது நாள்காட்டியை எடுங்கள். முதல் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் என்று குறித்துக்கொண்டு, அந்த நான்கு நாளும் மேற்சொன்னபடி வார வேண்டும். கணக்கு எளிது. முதல் நாள் தப்பிய ஈர்கள் அடுத்த பத்து நாளுக்குள் பொரிகின்றன. பொரிந்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நான்கு நாளுக்கு ஒரு முறை வாரினால் அந்தக் குஞ்சு தாயாவதற்குள் சீப்பில் சிக்கிவிடும். 17ஆம் நாள் மீண்டும் வாரிப் பாருங்கள். துணியில் ஒன்றும் விழவில்லை என்றால் விவகாரம் முடிந்தது. தலை அரித்தாலும் முடிந்ததுதான். விழுந்தால் நாள்காட்டியில் புதிதாக முதல் நாள் எழுதுங்கள். இதில் இன்னொரு விதியும் உண்டு. குறித்த நாள்களைத் தவிர மற்ற நாள்களில் தலையைச் சோதிக்கக் கூடாது. நாளுக்கு நான்கு முறை கண்ணாடி முன் நின்று முடியைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அச்சம் வளருமே தவிரக் குறையாது.

மருந்து வேண்டுமென்றால், பெர்மெத்ரின் 1 சதவிகிதம் கலந்தது கடைகளில் கிடைக்கும். கழுவித் துடைத்த தலையில் தடவிப் பத்து நிமிடம் வைத்து அலசிவிட்டு, 9ஆம் நாள் இன்னொரு முறை போடுவதோடு நிறுத்த வேண்டும். இம்மருந்துக்கு மசியாத பேன்களும் பல நாடுகளில் தோன்றிவிட்டன. அதனால் மருந்து போட்டாலும் சீப்பை விடக்கூடாது. மண்ணெண்ணெய் தடவவே கூடாது. தோலைப் புண்ணாக்கும், விளக்கோ அடுப்போ அருகில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது நம் பக்கத்தில் பலர் செய்வது. அந்த விழுது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகி, தாங்க முடியாத வலி உண்டாகும். கண் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வீடு முழுதும் மருந்தடிக்கவும் தேவையில்லை. தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் ஓரிரு நாளில் இறந்துபோகும். தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்து, சீப்புகளைக் கொதிக்கக் காய்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டால் போதும்.

சரி, சீப்பில் ஒன்றும் விழவில்லை. ஆனால் மாதக்கணக்கில் அரிக்கிறது. அப்படியானால் காரணம் வேறு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடலில் ஏற்படும் மாறுதலால் தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு கூடும். அந்த எண்ணெயை உண்டு வாழும் ஒருவகை நுண்காளான் நம் எல்லார் தலையிலும் உண்டு. அது கிளர்ந்து பொடுகை உண்டாக்கும். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு மாணவியருக்குத் திடீரென்று தலை அரிப்பதற்கு இதுவே அடிக்கடிக் காரணம். பாவம், அம்மாக்கள் பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்! கெட்டோகோனசோல் கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசினால் நாலைந்து வாரத்தில் அடங்கும். பொடுகு உள்ளவர்கள் நாள்கணக்கில் எண்ணெயை ஊறவிடுவது நல்லதன்று. காலை அவசரத்தில் ஈரத்தலையை இரட்டைப் பின்னலாக இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டிவிடுவதும் நல்லதன்று.

நிற்க. மருந்தைக் காட்டிலும் கடினமான விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. பேன் வந்தவள் அழுக்கானவள் என்ற எண்ணம். பேனுக்கு வேண்டியது இரத்தம். அது கூலிக்காரர் மகள் தலையிலும் மருத்துவர் மகள் தலையிலும் ஒன்றேதான். தினமும் குளித்த தலையிலும் அது வாழும். பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறுகிறது. அதாவது, தோழிகள் நெருங்கி உட்கார்ந்து இரகசியம் பேசும் இடத்தில்தான் அது பரவுகிறது. நோய் பரப்பும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. பேனால் டைஃபஸ் காய்ச்சல் பரவுவதை 1909இல் கண்டறிந்து 1928இல் நோபல் பரிசு பெற்றவர் சார்லஸ் நிக்கோல். ஆனால் அது துணியில் வாழும் உடற்பேன், தலைப்பேன் அன்று.

பேன் இருந்ததென்று ஒரு சிறுமியைக் கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைப்பதும், வகுப்பறிய அவள் பெயரைச் சொல்வதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் பயனற்ற செயல்கள். கண்டுபிடித்த நாளுக்குப் பல வாரம் முன்பே அது அவள் தலையில் இருந்திருக்கிறது. ஒரு நாள் விலக்கி வைப்பதால் எதுவும் நின்றுவிடாது. பேனுக்காகவோ ஈருக்காகவோ எந்தப் பிள்ளையும் பள்ளியை இழக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு முடி கொடுப்பது வேறு. அழுகிற பெண்ணைப் பிடித்து உட்கார வைத்து, பேனுக்காக முடியைக் கத்தரிப்பது வேறு. முன்னதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பின்னதைப் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் மறக்கமாட்டாள்.

விடுதிப் பொறுப்பிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை. ஒருத்தியைத் தனியே அழைத்துப் பார்க்காமல், மாதத்தில் ஒரு சனிக்கிழமையை அனைவருக்கும் சீப்பு நாளாக வைத்துக்கொள்ளலாம். மூத்த மாணவியர் இளையவர்களுக்கு வாரிவிடட்டும். ஒருவர்க்கு ஒரு சீப்பு இருக்கட்டும். எல்லார் தலையும் பார்க்கப்படும்போது எவருக்கும் தலைகுனிவு இல்லை.

தலையில் புண், சீழ், கழுத்தின் பின்புறம் நெறிகட்டுதல், காய்ச்சல் ஆகியவை இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் போக வேண்டும். வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்குப் பூச்சு மருந்து போதாது, சில வாரங்களுக்கு உள்மருந்து தேவை. சீப்பு சுத்தமாக இருந்தும் ஏதோ ஊர்கிறது என்ற உணர்வால் தூக்கம் கெடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லலாம். அதுவும் கேட்டு உதவக்கூடிய தொல்லைதான். போகும்போது தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள். இதுவரை என்னென்ன மருந்தை எத்தனை முறை போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாட்டி சொன்ன மருந்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.