செயலியின் வேகமும் அதன் மதிப்பெண்ணும்

கணினி வாங்குவோர் பலர் முதலில் கேட்பது அது எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்பதைத்தான். கணினியின் மூளையாக விளங்கும் செயலி விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு இது. ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு 100 கோடித் துடிப்புகள். ஆயினும், ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் உண்மையான வேகம் தெரியும்.

இன்டெல் நிறுவனம் 2000 நவம்பரில் வெளியிட்ட பென்டியம் 4 இதற்குத் தக்க சான்று. 1.5 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கிய அது, சில சோதனைகளில் 1 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-க்குப் பின்தங்கியது. ஆணைகளைப் பல படிகளாகப் பிரித்து அடுத்தடுத்து நிறைவேற்றும் அமைப்புக்குப் பைப்லைன் என்று பெயர். பழைய செயலியில் 10 ஆக இருந்த படிகள் புதியதில் 20 ஆயின. படிக்குரிய வேலை சிறிதாகும்போது துடிப்பைக் கூட்ட முடிகிறது. ஆனால், நிரல் அடுத்து எந்த வழியில் செல்லும் என்பதைச் செயலி முன்கூட்டியே ஊகித்து வேலையைத் தொடங்கிவிடுவதால், ஊகம் பொய்க்கும்போதெல்லாம் அரைகுறையாக நிற்கும் ஆணைகளைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க நேர்கிறது. பைப்லைன் நீள நீள இந்த இழப்பும் பெருகுகிறது.

போட்டி நிறுவனமான ஏஎம்டி, 2001 அக்டோபரில், 1.53 ஜிகாஹெர்ட்ஸ் செயலிக்கு, துடிப்பைச் சொல்லாமல் செயல்திறனைக் குறிக்கும் எண்ணைச் சேர்த்து, அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயரிட்டது. துடிப்பை மட்டும் பார்க்காதீர்கள் என்ற அதன் வாதம் நியாயமானதே; எனினும் தயாரிப்பவரே தம் பொருளுக்கு இடும் மதிப்பெண்ணை அப்படியே ஏற்க இயலாது. 1988-இல் தோன்றிய ஸ்பெக் அமைப்பின் முறை இதனினும் நம்பத்தக்கது: உண்மைப் பயன்பாட்டிலிருந்து எடுத்த நிரல்களை ஓட்டி, அவற்றுக்கு ஆகும் நேரத்தை ஒரு குறிப்புக் கணினியின் நேரத்தோடு அது ஒப்பிடுகிறது.

முழுக் கணினியை மதிப்பிடுவதில் விண்டோஸ் 7 கையாண்ட முறை பாராட்டுக்குரியது. செயலி, நினைவகம், வரைகலை, விளையாட்டு வரைகலை, வன்தட்டு ஆகிய ஐந்துக்கும் 1.0 முதல் 7.9 வரை தனித்தனியே மதிப்பெண் தந்த அது, சராசரியைக் கணக்கிடாமல், அவற்றுள் மிகக் குறைந்ததையே மொத்த மதிப்பெண்ணாக அறிவித்தது. செயலி 7.2 பெற்றாலும் வன்தட்டு 5.9 பெற்றால் மொத்தம் 5.9தான். கோப்பு வந்து சேரும்வரை எத்தகைய செயலியும் காத்திருக்க வேண்டியிருப்பதால், இது சரியான கணக்கே.

எனவே, கணினி வாங்குவோர் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், தாம் அன்றாடம் செய்யும் வேலைக்குரிய சோதனை முடிவைத் தேடிப் பார்ப்பதும், செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நினைவகத்துக்கும் எஸ்எஸ்டி சேமிப்புக்கும் மாற்றுவது பயன்தருமா என்று கடைக்காரரிடம் கேட்பதும் நல்லது.