காத்து நிற்காத தற்காப்பு

எதிரணி பந்தோடு பாய்ந்து வரும்போது தற்காப்பவர்கள் நின்று காத்திருப்பது நல்லதா, எதிர்கொண்டு ஓடுவது நல்லதா? ரக்பியில் ஓடுவதே லாபம் என்று காட்டிய அணி தென்னாப்பிரிக்கா. இந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தரவேண்டும். பந்து அப்படிப் பின்னே போய்ச் சேரும் இடைவெளியில் தற்காப்பு வரிசை மொத்தமாக முன்னே பாய்ந்தால், பந்து ஒருவர் கைக்கு வந்து சேரும் அதே நேரத்தில் எதிராளியின் தோளும் அவர் நெஞ்சில் வந்து மோதும். யோசிக்க நேரமே இருக்காது.

அப்படியானால் வரிசைக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் இடம்? நியாயமான கேள்விதான். கையால்தான் முன்னே வீசக் கூடாது, காலால் உதைக்கலாமே! 2019 உலகக் கோப்பையின் முதல் சுற்றில் நியூசிலாந்து அப்படித்தான் மைதானத்தின் மறுகோடிக்குப் பந்தைத் தூக்கி உதைத்துத் தென்னாப்பிரிக்காவைத் திணறடித்தது, ஆட்டத்தையும் வென்றது. ஆனால் உதைத்த பந்து யார் கைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முட்டவருகிறவர் கண்ணெதிரே இருக்கும்போது குறிபார்த்து உதைப்பதும் லேசல்ல. அதனால்தான் தோற்ற பிறகும் தென்னாப்பிரிக்கா தன் பாணியைக் கைவிடவில்லை. யோகோஹாமாவில் நடந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்தால் ஒருமுறைகூட எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிக்க முடியவில்லை. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கே! ஓட்டையே இல்லாத தற்காப்பு எங்கும் இல்லை. எதிராளி எளிதில் நுழைய முடியாத ஓட்டையாகப் பார்த்து விட்டுவைப்பதில்தான் சாமர்த்தியம்.