கேமரன் மலைத் தோட்டங்களில் நள்ளிரவில் விளக்கு எரிவது ஏன்?

இரவு நேரத்தில் கேமரன் மலைக்குக் காரில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். ஊரே தூங்கும் நேரத்தில், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். உள்ளே யாரும் வேலை செய்வதில்லை. திருடனுக்குப் பயந்து போட்ட விளக்கும் இல்லை.

அந்த வெளிச்சம் சாமந்திப் பூச்செடிகளுக்காக. அவை இப்போதே பூத்துவிடக் கூடாது என்பதற்காக.

பூ விற்றுப் பிழைப்பவர் பூவைத் தடுப்பாரா? தடுத்தால்தான் அவருக்கு வருமானம். ஏன் என்று பார்ப்போம்.

செடி அளப்பது பகலை அல்ல, இரவை

பல செடிகள் எப்போது பூப்பது என்பதைப் பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்பதை வைத்து முடிவு செய்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர்.

இதைத் தெளிவாக நிரூபித்தவர்கள் அமெரிக்க வேளாண்துறையின் கார்னர், அல்லார்ட் என்ற இரு ஆய்வாளர்கள். ‘மேரிலண்ட் மம்மத்’ என்ற புகையிலை ரகம் கோடையில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது; பூக்கவே இல்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால் மட்டும் பூத்தது. காரணம் குளிரா, உரமா, மண்ணா? எதுவும் இல்லை. கோடையில் அந்தச் செடிகளைத் தினமும் சில மணி நேரம் இருட்டறைக்குள் தள்ளி வைத்தார்கள். பூத்துவிட்டன. இது 1920இல் வெளியானது.

அடுத்த திருப்பம் 1938இல் வந்தது. ஹாம்னர், பானர் என்ற ஆய்வாளர்கள் ஒரு களைச்செடியை வைத்துச் சோதித்தார்கள். பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் செடி கண்டுகொள்ளவில்லை. இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால், பூப்பது நின்றுவிட்டது.

அதாவது, செடி கணக்குப் பார்ப்பது இடைவெளி இல்லாத இருட்டை.

நீண்ட இரவு வந்தால் பூப்பவற்றை, பழைய பழக்கப்படி, ‘குறும்பகல் செடிகள்’ என்கிறோம். சாமந்தி, சோயா, பழைய நெல் ரகங்கள் பல இந்த வகை. இரவு குறைந்தால் பூப்பவை நெடும்பகல் செடிகள். தக்காளி, வெள்ளரி போன்றவை இரண்டையும் சட்டை செய்யாது. வளர்ந்தால் பூக்கும், அவ்வளவுதான்.

செடிக்குக் கண் இருக்கிறதா?

கண் இல்லை. ஆனால் இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச்சிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இருட்டில் விட்டாலும் மெதுவாகத் திரும்பும். விளக்கு சுவிட்ச் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக எந்த ஒளி பட்டதோ, அதுதான் கணக்கு.

நமக்கு இருப்பது போலவே செடிக்குள்ளும் ஓர் உடல் கடிகாரம் ஓடுகிறது. கடிகாரம் மணி சொல்லும்; ஃபைட்டோகுரோம் வெளியே வெளிச்சமா இருட்டா என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால், இலை ஒரு புரதத்தைத் தயாரித்துத் தண்டின் நுனிக்கு அனுப்பும். ‘இனி இலை வேண்டாம், மொட்டு விடு’ என்பதுதான் அது கொண்டுபோகும் செய்தி. இப்படி ஒரு தூது இருக்க வேண்டும் என்று 1930களிலேயே ரஷ்ய விஞ்ஞானி சைலக்யான் சொல்லிவிட்டார். அந்தத் தூது எந்தப் புரதம் என்பது உறுதியானது 2007இல்தான்.

நம்ம ஊரில் என்ன சிக்கல்?

லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரம். குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையில்கூட ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. சிங்கப்பூரில்? வெறும் 9 நிமிடம். கேமரன் மலையில் சுமார் அரை மணி நேரம்.

அதனால் இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேர இரவு. சாமந்திக்கு அது போதும். நட்ட கொஞ்ச நாளிலேயே ‘சரி, பூக்கும் காலம் வந்துவிட்டது’ என்று மொட்டு விட ஆரம்பிக்கும். ஆனால் செடி அப்போது குட்டையாக இருக்கும். கொத்துக்கு விற்கிற பூவுக்கு நீளமான காம்பு வேண்டும். குட்டைக் காம்புப் பூவை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

அதற்குத்தான் விளக்கு. இங்கே சூரியன் மறைவதும் உதிப்பதும் ஏறக்குறைய 7 மணியை ஒட்டியே. இரவு 11 மணிக்கு விளக்கைப் போட்டு 3 மணிக்கு அணைத்தால், 12 மணி நேர இருட்டு நான்கு நான்கு மணி நேரமாக உடைந்துவிடும். செடிக்கு அது இரண்டு குட்டி இரவுகள். கோடைக்காலம் என்று நினைத்து உயரமாக வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதற்குப் பெரிய வெளிச்சம் தேவையில்லை. இந்த விளக்கு செடிக்கு உணவு தயாரிக்க உதவுவதற்காக அல்ல. ‘இன்னும் இருட்டவில்லை’ என்று ஏமாற்ற மட்டுமே. சில தோட்டங்களில் விளக்கை விட்டுவிட்டு எரிய வைப்பதும் உண்டு. மின்கட்டணம் குறையும், செடியும் ஏமாறும்.

பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

விவசாயிக்கு விளக்கை அணைக்கும் தேதிதான் முக்கியம். அந்த இரவிலிருந்து செடியின் கணக்கு தொடங்கும்.

ஓர் உதாரணம். சீனர்கள் முன்னோர் கல்லறைக்குச் செல்லும் சிங் மிங் ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும். பூ மார்ச் 30 வாக்கில் அறுவடையாக வேண்டும். இருட்டு தொடங்கியதிலிருந்து 8 வாரம் எடுக்கும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். அப்போ பிப்ரவரி 2 வாக்கில் விளக்கை அணைக்க வேண்டும். அதற்கு முன் 4 வாரம் வளர விட்டால், ஜனவரி தொடக்கத்தில் நாற்று மண்ணில் இருக்க வேண்டும்.

மலேசிய சாமந்திக்குப் பெரிய சந்தை ஜப்பான். அங்கேயும் முன்னோரை வணங்கும் ஓபோன், ஹிகான் நாள்களில்தான் பூவுக்குக் கிராக்கி. ஒரு வாரம் முந்தினாலோ பிந்தினாலோ, அதே பூ பாதி மதிப்புக்குக்கூடப் போகாமல் நிற்கலாம். வளரும் காலத்தில் சில இரவுகள் தொடர்ந்து மின்சாரம் போனாலும் ஆபத்துதான். செடி தன் கணக்கைத் தொடங்கிவிடும். தொடங்கிய செடியை ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லி நிறுத்துவது சுலபமில்லை.

இதே சூத்திரத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. டிராகன் பழம் நெடும்பகல் செடி. வியட்னாமின் பின் துவான் பகுதியில் குறுகிய பகல் வரும் மாதங்களில் தோட்டம் முழுக்க விளக்குப் போடுகிறார்கள். அங்கே விளக்கு பூவைத் தடுப்பதற்கல்ல, வரவழைப்பதற்கு. பருவம் இல்லாத நேரத்தில் வரும் பழத்துக்கு விலையும் அதிகம்.

இணையத்தில் ‘12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு’ என்று தேடினால் முதலில் வருவது கஞ்சா வளர்ப்புதான். கஞ்சாவும் பெரும்பாலும் குறும்பகல் செடி. கனடா போன்ற அனுமதி உள்ள நாடுகளில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் பின்பற்றுவது, சாமந்தி விவசாயி நெடுங்காலமாகச் செய்துவரும் அதே வேலைதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கஞ்சா வளர்ப்பது கடுமையான தண்டனைக்குரிய குற்றம்.

14 நிமிடத்தைக் கண்டுபிடித்த நெல்

‘பகல் நேரம் மாறாத ஊரில் செடிக்கு எப்படி மாதம் தெரியும்?’ என்று கேட்கலாம். 1950களில் மலாக்காவில் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 14 நிமிடம் மட்டுமே. ‘சியாம் 29’ என்ற நெல்லை செப்டம்பரில் விதைத்தால் 161 நாளில் பூத்தது. ஜனவரியில் விதைத்தால் 329 நாள் ஆனது. பகல் குறையும் காலம் மறுபடி வரும்வரை நெல் காத்திருந்தது!

அந்தக் காத்திருப்புதான் அன்றைய விவசாயியை ஆண்டுக்கு ஒரு போகத்தில் கட்டிப்போட்டது. 1966இல் வந்த ஐஆர்8 நெல், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகம். மலேசியாவில் அதற்கு ‘ரியா’ என்று பெயர். இதுபோன்ற ரகங்களும் பாசன வசதியும் சேர்ந்தபோது, கெடாவின் மூடா வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் சாத்தியமானது. சாமந்தி விவசாயி செடியின் கணக்கை ஏமாற்றுகிறார். நெல் ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டுச் செடிக்கு என்ன?

கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பாயின்செட்டியா அடுத்த ஆண்டு சிவக்கவே இல்லையா? உரத்தைக் குறை சொல்வதற்கு முன் விளக்கைப் பாருங்கள். அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் விடிய விடிய எரியும் விளக்கு, வரவேற்பறையில் நள்ளிரவு வரை ஓடும் தொலைக்காட்சி, இரண்டுமே அதன் இரவைக் கெடுக்கலாம்.

அக்டோபர் தொடக்கத்திலிருந்து மாலை 5 மணிக்கு ஓர் அட்டைப் பெட்டியால் மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். பகலில் நல்ல வெளிச்சம் படட்டும். எட்டு வாரம் வரை ஒரு நாளும் தவறாமல் செய்ய வேண்டும். கலஞ்சோ செடிக்கும் இதே முறைதான், ஆனால் அதற்குக் குறைவான வாரங்களே போதும்.

சாலை விளக்கை ஒட்டிய வயலில் நெற்கதிர் தாமதமாக வருவது ஜப்பானில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் சோயா வயலின் மற்றப் பகுதிகள் பழுத்து நிற்கும்போது, விளக்குக் கம்பத்தின் அடியில் மட்டும் செடி பச்சையாகவே இருக்கும். சாமந்தி விவசாயி என்றைக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்று தெரிந்து அணைக்கிறார். நம் நகரங்களில் அந்தத் தேதியே கிடையாது. தெருவில் புது விளக்கு போடும்போது மனிதர்களுக்கு வெளிச்சம் போதுமா என்று பார்க்கிறோம். பக்கத்தில் நிற்கும் செடிக்கு இருட்டு போதுமா என்பதையும் இனிச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.